மலைப் பீட் நிலத்தில் தங்கிவிட்ட பழைய புகை: ஆராயத் தொடங்குபவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: "பிரிட்டனின் மேட்டுநிலப் பீட்டில் தொழிற்புரட்சிக் காலத்து மாசு இன்னும் அப்படியே கிடக்கிறது என்கிறார்கள். முதுகலை ஆய்வுக்கு இதை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். எங்கே, எப்படித் தொடங்குவது? புகைபோக்கிகளே போய்விட்ட பிறகு இதை ஆராய்வதில் பயன் உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு. முன்பைவிட இப்போதுதான் அதிகம் உண்டு. புகைபோக்கிகள் நின்றதால் புதிதாக வந்து விழுவது குறைந்தது. ஏற்கெனவே விழுந்தது எங்கும் போய்விடவில்லை. ஈயம் மட்காது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளாக அதைத் தன் மேலடுக்கில் பிடித்து வைத்திருந்த பீட் என்ற இந்தச் சதுப்பு மண் இன்று காய்கிறது, எரிகிறது, மழையில் அரித்துக்கொண்டு போகிறது. மாசு எப்படிச் சேர்ந்தது என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எப்படி வெளியேறுகிறது என்று அளந்தவர்கள் குறைவு. உங்கள் ஆய்வு சிறியதாக இருந்தாலும் இந்த இரண்டாவது பக்கத்தைத் தொட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதியதுதான்.

பீட் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். குளிரும் மழையும் மிகுந்த மேட்டில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. ஆக்சிஜன் இல்லாத, அமிலம் நிறைந்த அந்த ஈரத்தில் செத்த செடிகள் முழுதாக மட்குவதில்லை. பாதி மட்கிய பழுப்பு நிறப் பொருளாக, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ, அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகின்றன. மலை முகட்டில் போர்வை போலப் படர்ந்திருக்கும் பீட்டுக்கு ஆறும் ஊற்றும் எதையும் கொண்டுவருவதில்லை. மழையும் காற்றும் கொண்டுவருவதுதான் அதற்கு வரவு. ஆகவே அதன் மேலடுக்கில் உள்ள ஈயம் ஏறக்குறைய முழுவதும் வானத்திலிருந்து விழுந்தது. பீட்டின் கரிமப் பொருள் ஈயத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். விழுந்த வரிசையிலேயே அது தங்குவதற்கு இதுதான் காரணம்.

கலையாத பீட் எவ்வளவு நல்ல பதிவேடு என்பதற்கு சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் உள்ள எத்தாங் டெ லா குரூயேர் சதுப்பைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். வில்லியம் ஷோட்டிக்கும் குழுவினரும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு அது. மனிதன் உலோகம் உருக்கத் தொடங்குவதற்கு முன் அங்கே ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 0.01 மில்லிகிராம் ஈயம் விழுந்துகொண்டிருந்தது. 1979-ல் விழுந்தது 15.7 மில்லிகிராம். அதாவது 1570 மடங்கு. இடையில் ரோமானியர் காலச் சுரங்கங்களின் புகைகூடத் தனியாகத் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு நாமும் அப்படி ஓர் ஆழமான, அழகான மாதிரியை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைகளுக்கு அந்த ஆசையோடு போகாதீர்கள். அங்கே பீட் கலையாமல் இல்லை. அது கலைந்திருப்பதுதான் அங்கே ஆராய வேண்டிய விஷயமே.

இடத்துக்கு வருவோம். தெற்குப் பென்னைனைத்தான் பரிந்துரைப்பேன், குறிப்பாக பீக் மாவட்டத்தின் வடபகுதியை. மேற்கே மான்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்ட், நடுவில் 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கவுட்டும் 633 மீட்டர் உயரமுள்ள பிளீக்லோவும். அங்கே மேற்குக் காற்றுதான் அதிகம் வீசும் என்பதால் லங்காஷயர் ஆலைகளின் புகை நேராக இந்த முகடுகளில் வந்து மோதியது. நிலக்கரியை எரித்த புகையில் கந்தக டை ஆக்சைடு, ஈயம், துத்தநாகம், செம்பு, ஆர்சனிக், பாதரசம் எல்லாம் இருந்தன. அந்தக் காற்று எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சிகள் பல. கருநிறமாகிப் போன மிளகு அந்துப்பூச்சி மான்செஸ்டரில்தான் 1848-ல் முதன்முதலில் பதிவானது. 1859-ல் லியோ கிரிண்டன் என்ற தாவரவியலாளர் மரத்திலும் பாறையிலும் படரும் லைக்கன்கள் ஊரைச் சுற்றி அருகிவருவதை எழுதினார். மான்செஸ்டரின் மழையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-ல் அமில மழை என்ற சொல்லைக் கையாண்டார். ஆலைகளின் அமிலப் புகையைக் கட்டுப்படுத்த 1863-ல் வந்த அல்கலிச் சட்டத்தின் கீழ் முதல் தலைமை ஆய்வாளராக இருந்தவரும் அவரே.

அந்த மழையில் முதலில் செத்தது ஸ்பேக்னம் பாசி. பீட்டை உருவாக்குவதே பெரும்பாலும் அந்தப் பாசிதான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கி நிலத்தை ஈரமாக வைத்திருப்பதும் அதுதான். 1970-களில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில், கரைந்த கந்தக டை ஆக்சைடிலிருந்து வரும் பைசல்ஃபைட்டுக்கு இந்தப் பாசி இனங்கள் எவ்வளவு எளிதில் பலியாகின்றன என்பது தெளிவானது. பாசி போனதும் காட்டுத்தீ, ஆடு மேய்ச்சல், வடிகால் வெட்டுதல் எல்லாம் சேர்ந்துகொண்டன. பீட் வெறுமையாகி, மழைநீர் வெட்டிய பள்ளங்கள் முகடு முழுக்கக் கிளைவிட்டன. மாசு தன் சேமிப்புக் கிடங்கின் கூரையையும் தானே பிய்த்துவிட்டது. எனக்கு இந்த விஷயத்தில் இன்றும் மனம் பதைப்பது இந்த இடத்தில்தான்.

எவ்வளவு மாசு கிடக்கிறது? ஈயம், துத்தநாகம், செம்பு மூன்றையும் பிரிட்டனின் போர்வைப் பீட்டில் அளந்து லிவெட், லீ, டாலிஸ் மூவரும் 1979-லேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பிறகு மான்செஸ்டர் குழுவினர் பிளீக்லோவின் சரிவில் அப்பர் நார்த் கிரெய்ன் என்ற சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தார்கள். 2005-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி மேற்பரப்பை ஒட்டிய பீட்டில் ஒரு கிலோவுக்கு 1000 மில்லிகிராமுக்கும் மேல் ஈயம் இருந்தது. இந்த எண்ணை ஒரு தரம் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் பீட்டில் உலர்ந்த பொருள் ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாசு 10 செ.மீ. தடிமனுக்குள் இருக்கிறது என்றால், ஒரு சதுர மீட்டரில் உலர் பீட் 10 கிலோ, அதில் ஈயம் 10 கிராம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 டன். தோராயக் கணக்குதான். ஆனாலும் நீங்கள் நடக்கப்போகும் நிலத்தில் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை இது உணர்த்திவிடும்.

இப்போது நீங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டும். உங்கள் கேள்வி வரலாற்றைப் பற்றியதா, கசிவைப் பற்றியதா? வரலாறு என்றால் பள்ளங்களிலிருந்து விலகிய, மேடு பள்ளம் குறைந்த, செடி மூடிய, எரியாத இடத்தைத் தேட வேண்டும். ஷெஃபீல்டுக்கு அருகே ரிங்கிங்லோ சதுப்பு போன்ற இடங்கள் அதற்காகவே காலங்காலமாக ஆராயப்படுகின்றன. கசிவு என்றால் நேர் எதிர். பள்ளத்தின் சுவர், அதன் அடிவாரம், ஓடை, ஓடை போய்ச் சேரும் நீர்த்தேக்கம் என்று கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டையும் ஒரே ஆய்வில் சம பங்கில் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். கசிவை மையமாக வைத்து, வரலாற்றுக்கு ஒரே ஒரு நல்ல மாதிரி எடுத்துத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போகுமுன் மேசையில் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. அல்கலி ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் கிடைக்கின்றன. எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வகை ஆலை எப்போது எரிந்தது என்பதை அவற்றிலிருந்து எடுக்கலாம். 1876-ல் மான்செஸ்டரிலும் சால்ஃபோர்டிலும் தீய புகைகளுக்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார்கள். அக்காலச் செய்தித்தாள்களில் அவர்கள் குரல் இருக்கிறது. பழைய அளவை வரைபடங்களையும், லேசரால் நிலத்தை அளந்த லைடார் உயரப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளங்கள் எங்கே ஓடுகின்றன, எங்கே தொடாத பீட் மிஞ்சியிருக்கிறது என்பது வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். அருங்காட்சியகங்களின் உலர்தாவரத் தொகுப்புகளையும் மறக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பறித்துக் காகிதத்தில் ஒட்டிய பாசி, தேதியும் இடமும் எழுதப்பட்ட ஒரு காற்று மாதிரி. வேறெந்த வழியிலும் அவ்வளவு துல்லியமான தேதி கிடைக்காது.

மாதிரி எடுக்கும் இடத்தைத் தேர்வதில் சில பொறிகள் உண்டு. இந்த மேட்டுநிலங்களில் கிரவுஸ் பறவை வேட்டை நெடுங்கால வழக்கம். துப்பாக்கிக் குண்டுகளின் ஈயம் பீட்டில் கிடக்கலாம், ஒரே ஒரு சிறு குண்டு உங்கள் மாதிரிக்குள் வந்தால் எண்கள் வானத்துக்குப் போய்விடும். பிளீக்லோவில் 1948-ல் விழுந்த அமெரிக்க பி-29 விமானத்தின் சிதைவு இன்னும் அங்கேயே இருக்கிறது. அதுபோன்ற இடங்களிலிருந்தும், நடைபாதைகளிலிருந்தும், வேலிக் கம்பிகளிலிருந்தும் தள்ளி நில்லுங்கள். துத்தநாகம் பூசிய வேலிக்கம்பிக்கு அடியில் துத்தநாகத்தை அளந்து பயனில்லை.

சரி, மாதிரி எடுப்பது. ஆழத்துக்கு ரஷ்யக் குழாய் என்று சொல்லும் அரைவட்டத் துளைப்பான் நல்லது. ஆனால் உங்களுக்கு வேண்டியது மேலே உள்ள அரை மீட்டர்தான், அதற்கு வார்டனார் வகைப் பெட்டித் துளைப்பான் மேல். அதுவும் இல்லையென்றால் பள்ளத்தின் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கி, ஒரு பக்கம் திறந்த நீளப் பெட்டியை அழுத்தி எடுக்கலாம். எதில் எடுத்தாலும் மேலடுக்கு அமுங்கக் கூடாது. துளையின் ஆழத்தையும் எடுத்த துண்டின் நீளத்தையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். வித்தியாசம் இருந்தால் அமுங்கியிருக்கிறது என்று பொருள். ஆய்வகத்தில் உறையவைத்து, ஒரு செ.மீ. தடிமனில் அறுத்து, கருவி தொட்ட வெளிவிளிம்பைச் சீவிவிடுங்கள். ஒரு செ.மீ. பெரிய அளவாகத் தோன்றாது. ஆனால் மெதுவாக வளர்ந்த பென்னைன் பீட்டில் அதற்குள் சில பத்தாண்டுகள்கூட அடங்கியிருக்கலாம். முடிந்தால் மேல் 20 செ.மீ.-ஐ அரை செ.மீ.யாக அறுங்கள்.

துண்டுகளைப் பார்க்கும்போதே நிறைய தெரியும். மேலே ஹெதர் என்ற குறுஞ்செடியின் வேர்களும் புல்லும் பின்னிய நார். அதற்குக் கீழே நன்றாக மட்கிய, விரலில் ஒட்டும் கருமையான அடுக்கு. அதற்கும் கீழே திடீரென்று பழுப்பு வெளுத்து, ஸ்பேக்னம் இலைகள் கண்ணுக்கே தெரியும் அடுக்கு தொடங்கும். பாசி வாழ்ந்த காலத்துக்கும் செத்த காலத்துக்கும் இடையிலான எல்லையைக் கையில் பிடித்திருக்கிறீர்கள். அந்த எல்லையின் ஆழத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தை அளக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி போதும். கையடக்கமானதே இப்போது உண்டு, மலையிலேயே சுட்டிப் பார்க்கலாம். ஆனால் ஈரப் பீட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் எக்ஸ்-கதிரை விழுங்கிவிடும் என்பதால் ஈரத்தில் அளந்த எண்ணுக்குத் திருத்தம் செய்தே ஆக வேண்டும். மாதிரிகளில் ஒரு பகுதியை உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஓட்டி ஒப்பிடுங்கள். சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளையும் வெற்று மாதிரியையும் ஒவ்வொரு சுற்றிலும் சேர்க்க வேண்டும் என்பதை உங்கள் ஆய்வகமே சொல்லும்.

காலக்கணிப்புதான் இந்தத் துறையில் உண்மையிலேயே கடினமான பகுதி. ரேடியோ கார்பன் கடந்த மூன்று நூற்றாண்டுகளுக்கு அவ்வளவாக உதவாது. அளவீட்டைத் தேதியாக மாற்ற உதவும் கோடு அந்தக் காலத்தில் வளைந்து நெளிந்து போவதால் ஒரே அளவீட்டுக்குப் பல தேதிகள் கிடைக்கும். காற்றிலிருந்து விழும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 வழக்கமான தேர்வு. அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள் என்பதால் நூறு, நூற்றைம்பது ஆண்டு வரை பின்னோக்கிப் போகலாம். சீசியம்-137-ஐ 1963-ன் அணுகுண்டுச் சோதனை உச்சத்துக்கும் 1986-ன் செர்னோபில் உச்சத்துக்கும் அடையாளமாக வைப்பார்கள். ஏரிச் சேற்றில் இது நன்றாக நிற்கும். அமிலப் பீட்டில் சீசியம் நகர்ந்துவிடும், செடிகளும் அதை உறிஞ்சி மேலே கொண்டுவந்துவிடும். பீட்டில் சீசியத்தை மட்டும் நம்பிய தேதியை நான் ஏற்கமாட்டேன். அணுகுண்டுச் சோதனையிலிருந்தே வந்த அமெரிசியம்-241 அவ்வளவாக நகராது, கூடவே அதையும் அளக்கச் சொல்லி ஆய்வகத்திடம் கேளுங்கள்.

இன்னொரு கடிகாரம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் அதிவெப்பத்தில் எரிக்கும்போது மட்டும் உருவாகும் கரி உருண்டைகள். பீட்டைப் பல அமிலங்களால் கரைத்துவிட்டு எஞ்சியதை நுண்ணோக்கியில் வைத்தால், மற்ற துகள்கள் உடைந்து கோணலாகக் கிடக்க, இவை மட்டும் கன்னங்கரேலென்று உருண்டையாக, மேலெல்லாம் துளைகளோடு தெரியும். இயற்கையில் இவற்றுக்கு வேறு மூலம் கிடையாது. காட்டுத்தீயில்கூட இவை உருவாவதில்லை. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, 1950-க்குப் பிறகு பெரிய மின்நிலையங்களோடு வேகமாக ஏறி, 1970-களை ஒட்டி உச்சம் தொட்டு இறங்குகின்றன. வேதியியல் மாற்றங்கள் அவற்றைத் தொடாது. ஈயம்-210 சொல்லும் கதையும் இந்த உருண்டைகள் சொல்லும் கதையும் ஒத்துப்போனால் உங்கள் காலக்கணிப்பை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் பீட் அரிக்கப்பட்டிருக்கிறது, எரிந்திருக்கிறது, அல்லது ஈயம் நகர்ந்திருக்கிறது. அதுவே ஒரு கண்டுபிடிப்பு, மறைக்க வேண்டாம்.

அடுத்தது, பலர் வழுக்கி விழும் இடம். செறிவு வேறு, படிவு வேறு. ஒரு கிலோ பீட்டில் எத்தனை மில்லிகிராம் ஈயம் என்பது செறிவு. ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுந்தது என்பது படிவு. உதாரணத்துக்கு, ஆண்டுக்கு சதுர மீட்டரில் 50 மில்லிகிராம் ஈயம் மாறாமல் விழுகிறது என்று வையுங்கள். அதே காலத்தில் 100 கிராம் பீட் வளர்ந்தால் செறிவு கிலோவுக்கு 500 மில்லிகிராம். பாசி செத்து வளர்ச்சி 50 கிராமாகக் குறைந்தால் செறிவு 1000. வானத்திலிருந்து விழுந்தது ஒரு துளிகூட மாறவில்லை, எண் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. பென்னைனில் இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. ஈயம் கொண்டுவந்த அதே புகைதான் பாசியைக் கொன்று பீட்டின் வளர்ச்சியையும் நிறுத்தியது. அங்குள்ள மிக உயர்ந்த செறிவுகளில் ஒரு பங்கு இப்படி வளர்ச்சி நின்றதால் வந்தது. ஆகவே ஒவ்வொரு துண்டின் கன அளவையும் உலர் எடையையும் அளக்காமல் விடாதீர்கள். அளக்க மெனக்கெட வேண்டிய வேலை என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இந்த ஓர் எண் இல்லாவிட்டால் மீதி எண்கள் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை ஐசோடோப் விகிதம், அதாவது எடை வேறுபட்ட ஈய அணுக்களின் விகிதம், ஓரளவு சொல்லும். ஈயம்-206-க்கும் ஈயம்-207-க்கும் உள்ள விகிதம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாதுவில் சுமார் 1.04. பிரிட்டனில் பெட்ரோலில் சேர்த்த ஈயத்தில் அந்தத் தாதுவின் பங்கு இருந்ததால் விகிதம் கீழே இறங்கித் தெரியும். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அங்கே ஈய பெட்ரோலின் பொது விற்பனை நின்றுபோன பிறகு விகிதம் மறுபடி ஏறுகிறது. ஆனால் பிரிட்டன் நிலக்கரியும் பென்னைன் ஈயத் தாதுவும் ஏறத்தாழ 1.17 முதல் 1.19 வரை ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. டெர்பிஷயரில் ரோமானியர் காலம் முதலே ஈயம் உருக்கியிருக்கிறார்கள். ஆலைப் புகையா, உருக்கு உலையா என்பதை இந்த விகிதத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்குக் கரி உருண்டைகள் துணை வேண்டும்.

இனி கசிவு. மாசு மூன்று வழியில் வெளியேறுகிறது. முதலாவது, துகளாக. மழை கொட்டும்போது பள்ளத்தின் சுவர் உதிர்ந்து ஓடையில் கரும்பழுப்புக் குழம்பாகப் போகும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மாசு மேலே உள்ள சில செ.மீ.யில்தான் இருக்கிறது, பள்ளத்தின் அடிப்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய, சுத்தமான பீட். அதனால் சுவரின் எந்த உயரத்திலிருந்து மண் உதிர்ந்தது என்பதைப் பொறுத்து ஓடைச் சேற்றின் ஈயம் கூடும், குறையும். மேல்விளிம்பிலிருந்து, நடுச்சுவரிலிருந்து, அடியிலிருந்து தனித்தனியாக எடுத்து வைத்தால் ஓடையில் வருவது எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட முடியும்.

இரண்டாவது, கரைந்த நிலையில். பீட் நீருக்குத் தேநீர் நிறம் தரும் கரைந்த கரிமப் பொருள் ஈயத்தையும் செம்பையும் கட்டிக்கொண்டு வடிகட்டியைத் தாண்டி வரும். நீரின் நிறம் கூடும் நாட்களில் ஈயமும் கூடும். துத்தநாகமும் காட்மியமும் வேறு ரகம், அவை அமிலத்துக்கு அசையும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. பழைய புகையின் கந்தகமும் பீட்டுக்குள்ளே, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில், சல்ஃபைடாகத் தூங்குகிறது. வறண்ட கோடையில் நீர்மட்டம் இறங்கினால் காற்று உள்ளே புகுந்து அதைச் சல்ஃபேட்டாக்கும். இலையுதிர்கால முதல் மழையில் கந்தக அமிலமாக அது ஓடைக்கு வரும், உலோகங்களையும் கூட்டிக்கொண்டு. பிரிட்டனின் கந்தக டை ஆக்சைடு வெளியீடு 1970-லிருந்து 95 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. இருந்தும் ஒரு வறட்சிக்குப் பிறகு ஓடை பழையபடி அமிலமாகிறது என்றால் அது அன்றைய ஆலைகளின் கந்தகம்தான்.

ஆகவே மாதத்துக்கு ஒரு நாள், வானிலை நன்றாக இருக்கும்போது போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வருவது இந்த வேலைக்கு ஒத்துவராது. ஆண்டு முழுவதும் போகும் சேற்றில் பெரும்பகுதி சில மழைநாட்களில் போய்விடும். தானியங்கி மாதிரி எடுப்பான் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பிவிசி குழாயின் இரு முனைகளையும் மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய குழலைச் செருகி, ஓடையின் போக்கில் இரும்புக் கம்பியில் கட்டிவிடுங்கள். மெல்லிய குழல் வழியாக நுழையும் நீர் அகன்ற குழாய்க்குள் வேகம் குறைந்து சேற்றை இறக்கிவிட்டுப் போகும். சில வாரம் கழித்து எடுத்தால் அத்தனை மழையின் சேறும் ஒரே இடத்தில் கிடைக்கும். விலை குறைந்த, நம்பகமான சாதனம்.

நெருப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2003-ல் பிளீக்லோவிலும் 2018 ஜூனில் சாடில்வொர்த் மேட்டிலும் பெரிய தீ பிடித்தது. சாடில்வொர்த்தில் இராணுவமே உதவிக்கு வந்தது. பீட்டின் மேலடுக்கு எரிந்தால் கரிமம் புகையாகப் போய்விடும், உலோகத்தில் பெரும்பகுதி சாம்பலோடு அங்கேயே குவியும், பாதரசம் போன்றவை காற்றோடு கிளம்பும். அந்தச் சாம்பல் முதல் பெருமழையில் ஓடைக்கு வருகிறது. தீப்பிடித்த இடத்துக்கு மழைக்கு முன்பே போக முடிந்தால் வேறெப்போதும் கிடைக்காத மாதிரி கிடைக்கும். நில உரிமையாளரும் தீயணைப்புத் துறையும் சரி என்ற பிறகு மட்டும் போங்கள், புதைந்த பீட் வாரக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

குடிநீரைப் பற்றி உங்களிடம் யாராவது கட்டாயம் கேட்பார்கள். பிளீக்லோவின் தெற்குச் சரிவு நீர் ஆஷோப் ஆற்றின் வழியாக 1945-ல் திறந்துவைத்த லேடிபவர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. வடமேற்கே லாங்டென்டேல் நீர்த்தேக்கங்கள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து மான்செஸ்டருக்கு நீர் தருகின்றன. சுத்திகரிப்பில் நிறத்தை நீக்கும்போது கரிமத்தோடு ஒட்டிய உலோகமும் பெரும்பாலும் போய்விடும். நீர்த்தேக்கச் சேற்றில் ஈயம் என்று நீங்கள் எழுதும்போது குழாய்நீரில் ஈயம் என்று வாசகர் எடுத்துக்கொள்ளாதபடி எழுதுவது உங்கள் பொறுப்பு. ஓடைப் பூச்சிகளுக்கும் மீன்களுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றுக்காகக் கவலைப்பட நல்ல காரணம் இருக்கிறது.

கடைசியாக, ஆய்வுக்கு இப்போது மிகவும் தேவைப்படும் கேள்வி. 2003-ல் தொடங்கிய மூர்ஸ் ஃபார் தி ஃபியூச்சர் கூட்டமைப்பு வெற்றுப் பீட்டில் சுண்ணாம்பும் உரமும் போட்டு, புல் விதைத்து, ஹெதர் தழைகளைப் பரப்பி, பள்ளங்களில் கல்லாலும் மரத்தாலும் சிற்றணைகள் கட்டி, ஸ்பேக்னம் நாற்றுகளை நட்டுவருகிறது. மனம் நிறைய வைக்கும் வேலை அது. செடி மூடினால் சேறு போவது குறையும், அதோடு ஈயமும் குறையும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீர்மட்டம் ஏறும்போது ஆக்சிஜன் குறைந்து, ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஆக்சைடு கரைய வாய்ப்பு உண்டு. சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் பாதரசத்தை அதைவிட நச்சான மெத்தில் பாதரசமாக மாற்றுவதும் ஈரத்தில்தான். ஈயத்துக்கு நல்லது ஆர்சனிக்குக்கும் நல்லதா என்று இடத்துக்கு இடம் அளந்துதான் சொல்ல முடியும். பீட்டை ஈரமாக்கக் கூடாது என்பதற்கு இது வாதம் ஆகாது. எந்த வேகத்தில், எந்தப் பள்ளத்தில் முதலில் என்று முடிவெடுப்பவர்களுக்கு எண்கள் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்களைத் தேர்ந்தெடுப்பேன், ஒன்றில் அணை கட்டப்போகிறார்கள், மற்றதில் இல்லை. அணைக்கு முன் ஒரு குளிர்காலம், அணைக்குப் பின் ஒரு குளிர்காலம். இரண்டு ஓடையிலும் சேற்றுக் குழாய், வடிகட்டிய நீரில் ஈயம், ஆர்சனிக், இரும்பு, கரைந்த கரிமம், பீட்டில் நீர்மட்டக் குழாய்கள், நடுமேட்டில் தேதியிட்ட ஒரே ஒரு நல்ல மாதிரி. இந்த மேடுகளில் பெரும்பகுதி சிறப்பு அறிவியல் ஆர்வத் தலமாகப் பாதுகாக்கப்பட்டது. அதனால் நில உரிமையாளரின் அனுமதியோடு அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் கடிதங்களை இப்போதே எழுதிவிடுங்கள். அணை எப்போது கட்டுகிறார்கள் என்ற தேதியையும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அணை எழுந்த பிறகு "முன்" என்பதை அளக்க வழியே இல்லை.